சிந்தியா அக்காவின் முழு வருஷம்

பெட்ரோல் விலை ஏறினால் சந்தோஷப்படுகிற ஆள் பெங்களூரில் இருக்க முடியுமா? இருந்தாள். லிங்கராஜபுரத்தில், எங்கள் வீட்டு மாடியில். என் கூடப்பிறந்த அக்கா சிந்தியா. நான் கீழ்வீட்டில் இருந்துகொண்டு டீசல் டெம்போ ஓட்டுகிறவன். தக்காளி, டைல்ஸ், கட்டில், கல்யாணப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவேன். கச்சா எண்ணெய் பேரலுக்கு இரண்டு டாலர் ஏறினால் எனக்கு வயிறு எரியும், அவளுக்கு முகம் மலரும். ஒரே செய்தியைப் படித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

தினமும் காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும், மாடிப்படியில் நின்று கேட்பாள்.

“டேரில், இன்னைக்கு பேரல் எவ்ளோடா?”

“எழுபத்தி நாலு. எறங்கிடுச்சு. போய் அழு.”

அவள் அழமாட்டாள். வியாழக்கிழமை வந்ததும் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள்.

“குழந்தை இயேசுகிட்டப் போயி எண்ணெ வெலைய ஏத்துன்னு வேண்டிக்கற ஒரே ஆளு இந்த ஊர்ல நீதான்க்கா,” என்பேன்.

“ஏறினாத்தான்டா உங்க மாமாவுக்கு வேலை.”

“ஏறினா எனக்கு வேலை இல்ல, அதையும் கொஞ்சம் சொல்லிட்டு வா.”

மாமா என்றால் க்ளென் மாமா, அக்காவின் புருஷன். ஐ.டி.ஐ. படித்த பம்ப் மெக்கானிக். வளைகுடாவில், கரையிலிருந்து ஹெலிகாப்டரில் நாற்பது நிமிஷம் போனால் நடுக்கடலில் இரும்புக் கால்களில் ஒரு மேடை நிற்கும். கடலுக்கு அடியிலிருந்து எடுக்கிற எண்ணெயைக் கரைக்குத் தள்ளுகிற பம்புகள் அங்கே ராப்பகலாக ஓடும். அவற்றை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் மாமாவின் வேலை. இருபத்தெட்டு நாள் அங்கே, இருபத்தெட்டு நாள் இங்கே. எண்ணெய் விலை சரிந்தால் கம்பெனிக்காரன் பம்பை நிறுத்தமாட்டான், ஆளைத்தான் நிறுத்துவான். அதனால்தான் அக்கா விலை ஏறவேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். எங்கள் மேல்மாடியைக் கட்டியதும் எண்ணெய்தான், கீழ்வீட்டில் என்னைப் பிழிந்தெடுத்ததும் அதே எண்ணெய்தான். இரண்டாயிரத்து இருபதில் ஒரு நாள் அமெரிக்காவில் அது பூஜ்யத்துக்கும் கீழே போனது என்று டிவியில் சொன்னபோது அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அன்றைக்கும் பெட்ரோல் பங்கில் எனக்கு யாரும் சும்மா ஊற்றவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் புருஷனோடு இருந்தது அதில் பாதி. மகள் அன்னா பிறந்தபோது அவர் கடலில். கோயிலில் அவள் முதல் நற்கருணை வாங்கியபோதும் கடலில். தண்ணீர் லாரிக்காரனோடு கன்னடத்தில் சண்டை போடவும், ஃபியூஸ் கட்டவும், பள்ளிக்கூடத்தில் தகப்பன் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் தானே போட்டுவிட்டு டீச்சரை முறைக்கவும் அவள் பழகிக்கொண்டாள். மாமா வீட்டுக்கு வந்தால் முதல் மூன்று நாள் அவருக்குத் தூக்கம் வராது. அங்கே பம்புச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவருக்கு இங்கே அமைதிதான் தொந்தரவு. அதற்காகவே அக்கா ஒரு பழைய நிற்கும் ஃபேனைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தாள். அதைப் போட்டால் கடகடவென்று தெருவுக்கே கேட்கும். அந்தச் சத்தத்தில் மாமா குழந்தை மாதிரித் தூங்குவார். அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பாள்.

சுவரில் ஒரு மாதக் காலண்டர் இருக்கும். மாமா வீட்டில் இருக்கும் நாட்களைச் சிவப்புப் பென்சிலால் நிரப்புவாள். கடலில் இருக்கும் நாட்கள் வெள்ளை. வருஷம் முடிந்ததும் சுருட்டி பீரோ மேல் வைத்துவிடுவாள். இருபத்திரண்டு சுருள்கள் அங்கே கிடந்தன. எதைப் பிரித்தாலும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை.

“எனக்கு ஒரே ஒரு வருஷம் வேணும்டா,” என்று அடிக்கடி சொல்வாள். “ஜனவரியில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடியற முழு வருஷம். ஈஸ்டரு, அவரு பொறந்தநாளு, அன்னா பொறந்தநாளு, எங்க கல்யாண நாளு, எல்லாம் ஒரே காலண்டர்ல செவப்பா வரணும். அப்புறம் அவரு மறுபடி போனாக்கூடப் பரவால்ல.”

நகை கேட்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், மனை கேட்கிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். என் அக்கா ஒரு காலண்டர் கேட்டாள்.

இங்கே பாலகுமாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஆள். ஒருவன் அங்கே இருக்கும்போது மற்றவன் வீட்டில். ஒரே கட்டில், ஒரே அலமாரி, ஒரே வேலை. மாமாவின் ஜோடி இந்த பாலகுமார். ஆனேக்கல்காரர், எங்களைப்போல் தமிழர்தான், மாமாவை விடப் பதினைந்து வயது சின்னவர். ஒரே ஏஜென்ட் அனுப்பிய ஆட்கள். லிங்கராஜபுரத்துக்கும் ஆனேக்கலுக்கும் என் டெம்போவில் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் பதினோரு வருஷத்தில் இருவரும் இந்த ஊரில் சந்தித்ததே இல்லை. எப்படிச் சந்திப்பார்கள்? இவர் வந்தால் அவர் போயிருப்பார். ஹெலிகாப்டர் மேடையில் இறங்குகிறபோது ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, இறக்கைச் சத்தத்தில் பேச்சு கேட்காமல் கையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

“பதினோரு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம், சேந்து ஒரு டீ குடிச்சதில்ல,” என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

பேச்செல்லாம் அலமாரிக் கதவில் ஒட்டுகிற சீட்டில்தான். “அண்ணா, மூணாம் நம்பர் பம்ப்ல சத்தம் வருது, பாத்துக்குங்க. அக்கா ஊறுகாய் சூப்பர்.” அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கட்டிக்கொடுப்பாள். மாமா பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை அலமாரியிலேயே வைத்துவிட்டு வரவேண்டும், அடுத்து வருகிறவனுக்கு. பாலகுமாரின் மனைவி ஸ்னேஹா கொடுத்தனுப்புகிற புளியோதரைப் பொடியும் அப்படியே பாதி மாமாவுக்கு. முகம் பார்க்காத இரண்டு வீடும் ஒன்றின் சமையலை ஒன்று பதினோரு வருஷம் சாப்பிட்டது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கிறிஸ்துமஸ் மாமாவுக்கு, பொங்கல் பாலகுமாருக்கு. முறைப்படி விட்டால் ஒரு வருஷம் சரியாக வரும், அடுத்த வருஷம் புரண்டுவிடும். அப்படிப் புரளும்போது யாராவது ஒருவர் கூடுதலாக அங்கே இருந்து சரிசெய்வார்கள். அந்த மாற்றத்தை ஆண்கள் பேசமாட்டார்கள். வீட்டுக்காரிகள் இருவரும் போனில் பேசி முடிவு செய்வார்கள், ஆண்கள் தலையாட்டுவார்கள். காத்துக்கிடக்கிறவர்கள் அவர்கள்தானே, சம்மதமும் அவர்கள்தான் தரவேண்டும். இது அவர்களுக்குள் இருந்த சட்டம். பதினோரு கிறிஸ்துமஸும் மாமா எங்கள் வீட்டில்தான் கேக் வெட்டினார். பதினோரு கிறிஸ்துமஸும் பாலகுமார் கடலில்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் உக்ரைன் சண்டை வந்தது, எண்ணெய் தலைகால் தெரியாமல் ஏறியது. நான் எல்லையில் இருக்கும் அத்திபெலே வரை லோடு போனால், தமிழ்நாட்டுப் பக்கத்து ஓசூர் லாரிகள் கர்நாடகாவில் ஐந்தாறு ரூபாய் குறைவு என்று அங்கே டீசல் போட வரிசையில் நிற்கும். வரிசையில் நான் எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பேன், என் அக்காவையும் சேர்த்து. அவளோ அந்த வருஷம் மெழுகுவர்த்தியை நிறுத்திவிட்டாள். மாமாவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. விலை நன்றாக இருப்பதால் இன்னும் இரண்டு வருஷம் இருங்கள் என்று கம்பெனி கெஞ்சியது. மாமா மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டிசம்பர் இரண்டாம் தேதி இறங்கி வந்தால் வந்ததுதான்.

அக்கா அக்டோபரிலேயே அடுத்த வருஷக் காலண்டரை வாங்கிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்து, ஜனவரி முதல் டிசம்பர் வரை முன்னூற்று அறுபத்தைந்து கட்டத்தையும் சிவப்பால் நிரப்பினாள். பென்சில் தீர்ந்துபோய் கடைக்கு அன்னாவை அனுப்பினாள். நான் பார்த்துவிட்டு, “ஆளு இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள கலர் அடிச்சிட்டியா,” என்றேன். அவள் பென்சிலை என் மேல் எறிந்தாள்.

நவம்பர் நடுவில் ஸ்னேஹாவிடமிருந்து போன் வந்தது. அவளுக்கு இரண்டு தடவை கர்ப்பம் கலைந்து, முப்பத்தாறாவது வயதில் மூன்றாவது தங்கியிருந்தது. டிசம்பர் பாதியில் பிரசவம். ரத்த அழுத்தம் ஏறுகிறது, புருஷன் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். ஆனால் டிசம்பர் முறை பாலகுமாருடையது.

“அக்கா, கேக்கவே வாய் வரல. அண்ணனுக்குக் கடைசி டூட்டின்னு தெரியும். ஒரே ஒரு தடவ, இருபத்தெட்டு நாளு. ஸ்வல்ப, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க,” என்றாள் அவள். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

அக்கா யோசிக்கவில்லை. “இதுல யோசிக்க என்ன இருக்கு. எங்களுக்குப் பதினோரு கிறிஸ்துமஸ் குடுத்திருக்கீங்க. பாலகுமார் உன்கூடவே இருக்கட்டும். நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன்,” என்றாள்.

அன்று சாயங்காலம் மாமா கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவருக்குப் பின்னால் பம்பு இரைகிற சத்தம் கேட்டது.

“நீ சொல்லிட்டா சரி சிந்து. ஆனா ரொம்பக் களைப்பா இருக்கு.”

“இருபத்தெட்டு நாள்தானே. டிசம்பர் முப்பதுல எறங்கிடுவீங்க. நம்ம வருஷம் ஒண்ணாம் தேதியில இருந்தே சுத்தமா ஆரம்பிக்கும். அதுவும் நல்லதுதான்.”

“சரி.”

களைப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னதை நானும்தான் கேட்டேன். படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். வயசாகிறது, களைப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

டிசம்பர் பதினான்காம் தேதி ஸ்னேஹாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அக்கா பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள், தன் வீட்டில் பிறந்தது போல.

பத்தொன்பதாம் தேதி நான் அத்திபெலேயில் அதே பங்கில் டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். பெயர் பதிவாகாத ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது.

“அண்ணா, நான் பாலகுமார் பேசறேன். அக்காகிட்டப் பேச எனக்குத் தைரியம் வரல,” என்றார். அழுகிற சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பச்சைக் குழந்தையும் அழுதது. மேடையிலிருந்து அவருக்குத்தான் முதலில் போன் வந்திருக்கிறது. கேட்டுக் கேட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். காலை டூட்டி முடிந்து வந்த மாமா நெஞ்சு அடைக்கிறது, வாய்வாக இருக்கும் என்று சொல்லி வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். அங்கேயே இருக்கும் வைத்தியர் வந்து பார்த்து ஹெலிகாப்டருக்குச் சொல்லியிருக்கிறார். அது ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. மாமா அதுவரைக்கும் இருக்கவில்லை.

பங்குக்காரப் பையன் வண்டியை எடுங்க சார், எடுங்க சார் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே இருந்தான். ஒரு லோடு டைல்ஸோடு அங்கிருந்து லிங்கராஜபுரம் வரை எப்படி ஓட்டி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை. “நான்தான் அங்க இருக்கச் சொன்னேன்டா,” என்றாள். அதையே அன்று பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உடல் வந்து சேர எட்டு நாள் ஆனது. நடுவில் கிறிஸ்துமஸ் வந்து போனது. தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரிந்தது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அந்த எட்டு நாளும் அந்தப் பம்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், பங்கில் எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது. பழக்கத்தில் ஒரு நாள் காலையில் பேப்பரில் பேரல் விலையைப் பார்த்தேன். ஏறியிருந்தது. மாடிப்படியில் கேட்க யாரும் நிற்கவில்லை. பேப்பரை மடித்து டெம்போ சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

இருபத்தேழாம் தேதி காலையில் பெட்டியை ஏர்போர்ட்டிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் வைத்தோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, “அந்த ஃபேனைப் போடுடா,” என்றாள்.

டிசம்பர் குளிரில் எதற்கு ஃபேன் என்று வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் போட்டேன். கடகடவென்று சத்தம் எழுந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் குரலை உயர்த்திச் சொன்னார்கள். “சத்தம் இல்லன்னா அவருக்குத் தூக்கம் வராது,” என்றாள் அக்கா. அன்னா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த நேரத்தில்தான் கேட்டுக்கு வெளியே பாலகுமாரைப் பார்த்தேன். போட்டோவில் பார்த்திருந்த முகம். கையில் ஒரு மாலை. உள்ளே வரப் பயந்துகொண்டு எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி நின்றிருந்தார். எட்டு நாளாக எனக்குள் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகத் தலைக்கு ஏறியது. போய் வழியை மறித்தேன்.

“எதுக்கு வந்தீங்க? உங்க முறைக்குத்தான் அவரு அங்க இருந்தாரு. தெரியும்ல?”

“தெரியும்ணா. அது என் கட்டில். நான் படுக்க வேண்டிய நாளு அது. அடிக்கணும்னா அடிங்க. ஒரு தடவ அவரைப் பாத்துட்டுப் போயிடறேன்,” என்றார்.

அடித்திருப்பேன். கை ஓங்கவும் ஓங்கினேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“டேரில், தள்ளு. அவரை உள்ள விடு.”

அக்கா அவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பாலகுமார் மாமாவின் முகத்தையே பார்த்தார். ஹெல்மெட்டும் கண்ணாடியும் இல்லாமல் அந்த முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். அக்கா சமையலறைக்குப் போய்த் தன் கையால் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

“குடிங்க. இங்கயே, அவரு பக்கத்துல உக்காந்து குடிங்க. பதினோரு வருஷமா சொல்லிட்டு இருந்தாரு,” என்றாள்.

அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். என் கையிலிருந்தே மெல்ல மெல்லக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகு எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மாலையில் எங்கள் ஊர் கல்பள்ளிக் கல்லறையில் அடக்கம் செய்தோம். கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் இன்னும் பிரிக்காமல் இருந்தது. வைக்கோலில் கிடந்த குழந்தை இயேசுவை அக்கா கடந்து போகும்போது நின்று ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

பம்ப் நிற்கக் கூடாதே. ஜனவரி மூன்றாம் தேதி வந்து ஏறச்சொல்லி கம்பெனி பாலகுமாருக்குச் சொல்லிவிட்டது. இருபது நாள் குழந்தையை விட்டுவிட்டு அவர் கிளம்பவேண்டும். அக்காவே போன் போட்டு, ஏர்போர்ட் போகிற வழியில் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னாள். வந்தார். அவள் ஒரு பெரிய பாட்டிலைத் துணியில் சுற்றி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். அடக்கம் முடிந்து நான்காம் நாளே எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னபோது எனக்குப் புரியவில்லை.

“அக்கா, இது வேணாம்க்கா. என்னால சாப்பிட முடியாது,” என்றார்.

“முடியும். பசிக்கும்போது முடியும். ஸ்னேஹாவையும் கொழந்தையையும் நெனச்சிட்டுச் சாப்பிடுங்க. நெஞ்சு வலிச்சா வாய்வுன்னு சொல்லாதீங்க, ஒடனே சொல்லுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளே சொன்னாள். “பாதி சாப்ட்டுட்டு மீதிய அங்கயே வெச்சிட்டு வாங்க.”

“யாருக்குக்கா? அண்ணன் எடத்துக்கு யாரைப் போடறாங்கன்னே தெரியல.”

“யாரா இருந்தா என்ன. அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா.”

அவர் பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார். தெரு திரும்பும் வரை அக்கா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஆட்டினாள், அவரும் ஆட்டினார்.

நான் உள்ளே வந்தேன். கூடத்துச் சுவரில் புது வருஷக் காலண்டர், அன்னா மாட்டியிருக்க வேண்டும். ஜனவரி முழுக்கச் சிவப்பு. அடியில் பிப்ரவரி, மார்ச், எல்லாம் சிவப்பு. அதை அவள் தினமும் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பாள்? நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி ஆணியிலிருந்து கழற்றப் போனேன்.

“விடுடா டேரில்,” என்றாள் அக்கா, வாசலில் நின்றுகொண்டு. “அதுல தப்பு ஒண்ணும் இல்லையே. இந்த வருஷம் முழுக்க அவரு இந்த ஊர்லதான் இருக்காரு.”

நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன்.